நாலு பக்கமும் நிற்பாட்டிய பிறகு கதவைத் திறவுங்கள்

எழுவைதீவுக்குக் கரண்ட் கடலுக்கு அடியால் வரவில்லை. தனக்கு வேண்டியதைத் தீவே பிறப்பித்துக்கொள்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இலங்கை மின்சார சபை அங்கே முன்னோடியாக ஒரு கலப்பு மின்நிலையத்தை அமைத்தது. சூரியத் தகடு, காற்றாடி, லிதியம் பற்றரி, டீசல் ஜெனரேற்றர் என்று நாலும் வந்து ஒரே லைனுக்குள் சேருகின்றன. முன்பு டீசல் மெசின் ஒன்றின் இரைச்சலை நம்பியிருந்த ஊருக்கு இது பெரிய மாற்றம். அடுத்ததாக நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இதே வகை நிலையங்கள் திட்டமிடப்பட்டன. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்பாடு எழுதி, 2024 மார்ச் 1 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த மூன்றுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற் மணி பற்றரி, 2,500 கிலோவாற் டீசல் என்பது கணக்கு. தீவுப்பகுதிப் பெடியளுக்கு இனி இந்த நிலையங்களில் வயர்மன் வேலை நிறையக் கிடைக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இளம் வயர்மன்மாரிடம் மின்வில்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் திரும்பத் திரும்ப ஒரே பதில்தான் வரும். "சின்ன மெசின்தானே அண்ணை, இதிலை என்ன வெடிக்கப் போகுது?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிழை. சின்ன மெசின் என்பதாலேயே கூடுதலாக வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை அனேகருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதலில் மின்வில் என்றால் என்ன என்று பார்ப்போம். கரண்ட் அடிப்பது வேறு, இது வேறு. கரண்ட் அடிப்பதற்கு நீங்கள் வயரைத் தொட வேண்டும். மின்வில்லுக்குத் தொடத் தேவையில்லை, கிட்ட நின்றால் போதும். இரண்டு பஸ்பாருக்கு இடையே ஸ்பனர் விழுகிறது, அல்லது பல்லி பாய்கிறது, அல்லது உப்பு ஈரம் பாதை போடுகிறது. நடுவிலுள்ள காற்றே மின்கடத்தியாகிவிடும். வள்ளத்துக்கு இரும்பு ஒட்டுகிற வெல்டிங் பட்டறையில் எல்லோரும் பார்த்த அதே ஒளிதான். பட்டறையில் அது இருபது முப்பது வோல்ற்றில், நூறு அம்பியர் அளவில், கம்பி நுனியில் அடங்கி நிற்கிறது. பனலுக்குள் 400 வோல்ற்றில் அதைக் கட்டிவைக்க எதுவும் இல்லை. வில்லின் நடுவே வெப்பம் 19,000 பாகை செல்சியஸ் வரை போகலாம். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகைதான். செம்பு உருகுவதோடு நிற்காமல் ஆவியாகும். ஆவியானால் தன் கன அளவைப் போல 67,000 மடங்கு விரியும். அந்த விரிவுதான் பனல் கதவைப் பிய்த்து எறிகிறது, காதுச் சவ்வைக் கிழிக்கிறது, உருகிய செம்பை முகத்தில் தெளிக்கிறது.

உலகத்தில் இதைத் தனி ஆபத்தாகக் கணக்கில் எடுக்கவே நெடுங்காலம் பிடித்தது. 1982 இல் ரால்ஃப் லீ என்ற பொறியியலாளர் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பே 'மற்ற மின் ஆபத்து' என்றுதான் தொடங்கும். அதற்கு முன்னர் மின்விபத்து என்றால் பெரும்பாலும் அதிர்ச்சி என்றே எண்ணியிருந்தார்கள். அதன் பிறகுதான் வில்லின் வெப்பத்தைக் கணக்கிடும் முறைகள் வந்தன. இன்று பெரும்பாலானோர் பின்பற்றுவது ஐ.இ.இ.இ. 1584 என்ற முறை. வெறுந்தோலில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1.2 கலோரி வெப்பம் பட்டால் கொப்புளம் போடும் தீக்காயம். லைற்றர் சுவாலையில் விரல் நுனியை ஒரு விநாடி பிடித்தால் படுவது ஏறத்தாழ ஒரு கலோரி. பனல் ஒன்று அதைப்போல எட்டு மடங்கையும் இருபத்தைந்து மடங்கையும் சாதாரணமாகத் தரக்கூடும்.

அந்தக் கணக்கில் ஒரு வயர்மன் மனதில் வைத்திருக்க வேண்டியவை இரண்டுதான்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம். தூரம் கூடக் கூட வெப்பம் விரைவாகக் குறைகிறது. நேரம் கூடினால் வெப்பம் நேராகக் கூடுகிறது. பிரேக்கர் 0.05 விநாடியில் விழுந்தால் ஒரு பங்கு. இரண்டு விநாடி எடுத்தால் நாற்பது பங்கு. இந்த இடத்தில்தான் சின்ன மெசின் காலை வாருகிறது.

பெரிய நகரத்தில் ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் ஷோட் ஆனால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். பிரேக்கருக்குள் இருக்கும் காந்தப் பகுதி உடனே உதைத்து விழுத்திவிடும். 100 கே.வி.ஏ. ஜெனரேற்றர் ஒன்றை எடுங்கள். 400 வோல்ற்றில் அதன் முழு லோட் 144 அம்பியர். ஷோட் ஆனால் அது தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ மூன்று மடங்கு, அதாவது 430 அம்பியர் என்று வையுங்கள். லைனில் இருப்பது 160 அம்பியர் பிரேக்கர், காந்தப் பகுதி பத்து மடங்கில் வைக்கப்பட்டிருக்கிறது என்றால், அது உதைக்க 1,600 அம்பியர் வேண்டும். 430 க்கு அது அசையாது. சூடேறி வளைந்து விழும் பகுதிக்குத்தான் வேலை போகும். அதற்குப் பல விநாடிகள், சில வேளை ஒரு நிமிடத்துக்கு மேலும் செல்லும். இன்வேற்றரின் கதை இன்னும் மோசம். தன் அளவைவிடச் சிறிதளவே கூடுதலாகத் தந்துவிட்டு, தானே தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். சின்னக் கரண்டில் வில் தானாக அணைந்துபோவதும் உண்டு. ஆனால் அணையும் என்று நம்பி முகத்தை நீட்டக் கூடாது.

ஆகவே தீவுகளில் வேலை செய்கிறவர்கள் தங்கள் பொறியியலாளரிடம் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பற்றரியில் மட்டும் ஊர் ஓடும்போது இந்த பனலில் ஷோட் ஆனால் எந்தப் பிரேக்கர், எத்தனை விநாடியில் விழும்? பதில் இல்லையென்றால் பிரேக்கரின் காந்த அளவைக் குறைத்து வைக்க முடியுமா, ஜெனரேற்றருக்கென்றே வருகிற குறைந்த அளவுப் பிரேக்கரைப் போட முடியுமா என்று கேளுங்கள். சின்ன பனல்களில் 'சி' வகைப் பிரேக்கர் ஐந்திலிருந்து பத்து மடங்கில் உதைக்கும், 'பி' வகை மூன்றிலிருந்து ஐந்து மடங்கில். மோட்டார் இல்லாத லைனுக்குக் கடைக்காரர் 'சி'யைக் கையில் தந்தால் 'பி' இருக்கிறதா என்று பாருங்கள். காசு வித்தியாசம் பெரிதில்லை.

பற்றரியும் சோலரும் நேர்மின்னோட்டம். வீட்டுக் கரண்ட் ஒரு விநாடியில் நூறு தரம் பூச்சியத்தைத் தொட்டுப் போகிறது. வில் அணைய நூறு வாய்ப்பு. நேர்மின்னில் அந்த வாய்ப்பே இல்லை. பிடித்தால் பிடித்ததுதான், இடைவெளியை நீட்ட நீட்ட வில்லும் நீளும். லோட் இருக்கும்போது சோலர் வயரின் கனெக்டரை இழுத்துப் பிரித்த ஒருவரைக் கேட்டால் சொல்லுவார். எனவே ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான்: முதலில் இன்வேற்றரின் வெளியேறும் பக்கத்தை நிற்பாட்டு, பிறகு நேர்மின் ஐசோலேற்றரைத் திற, கடைசியில்தான் கனெக்டர். இன்னொன்று, வீட்டுக் கரண்டுக்கான பிரேக்கரைச் சோலருக்குப் போடுகிற பழக்கம் யாழ்ப்பாணம் முழுக்க இருக்கிறது. கடையில் மலிவு, அளவும் பொருந்தும், மூன்று வருடம் ஒன்றும் நடக்காது. விழ வேண்டிய நாளில் உள்ளே வில் பிடித்து, பெட்டியே எரியும். நேர்மின்னுக்கு என்று எழுதியதை மட்டும் போடுங்கள்.

பற்றரிக்கு ஓஃப் கிடையாது. ஐசோலேற்றரைத் திறந்தால் பற்றரி லைனிலிருந்து பிரிகிறது, அவ்வளவுதான். உள்ளே அது உயிரோடுதான் இருக்கிறது. வீட்டு இன்வேற்றருக்கு வைக்கும் சாதாரண 12 வோல்ற் பற்றரியே ஸ்பனர் குறுக்கே விழுந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட அம்பியரைத் தள்ளும். கரண்ட் அடிக்காது, ஆனால் ஸ்பனர் சிவக்கும், மோதிரம் விரலோடு சேர்ந்து உருகும். ஈய அமிலப் பற்றரியென்றால் சார்ஜ் ஏறும்போது வரும் ஐதரசன் வாயு பொறி பட்டு வெடிக்கும், அமிலம் கண்ணுக்குள் தெறிக்கும். 1,000 வோல்ற் என்று அச்சிட்ட காப்புப் பிடியுள்ள ஆயுதங்களை வாங்குங்கள். பிடியில் டேப் சுற்றிய ஸ்பனர் ஆறு மாதத்தில் உரிந்துவிடும். நீங்கள் கழற்றுகிற முனை ஒன்றைத் தவிர மற்ற எல்லா முனைகளையும் றப்பர் விரிப்பால் மூடுங்கள். பெரிய பற்றரித் தொகுதி என்றால் முதலில் நடு இணைப்புகளைக் கழற்றித் துண்டு துண்டாக்கிக்கொண்டு, பிறகு வேலையைத் தொடங்குவதுதான் முறை.

2020 ஓகஸ்ட் 20 இரவு தெலங்கானாவின் சிறீசைலம் இடதுகரை நீர்மின் நிலையத்தில் நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 900 மெகாவாற் நிலையம், நிலத்துக்குக் கீழே. பனலில் தொடங்கிய தீயும் புகையும் ஒன்பது பேரைக் கொன்றன. இறந்தவர்களில் இருவர் பற்றரி நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள். பெரிய நிலையங்களில் பிரேக்கரை விழுத்தும் கட்டளையே பற்றரியிலிருந்து வரும் நேர்மின்னில்தான் ஓடுகிறது. அந்த நேர்மின் இல்லாத வேளையில் பிழை நடந்தால், பிரேக்கர் கண் இருந்தும் கை இல்லாத மனிதன். பற்றரி வேலை நடக்கும்போது பாதுகாப்பு ரிலேக்கு வேறு வழியில் கரண்ட் வருகிறதா என்று கேட்காமல் ஒரு வயரும் கழற்றாதீர்கள்.

இனி எழுவைதீவு வகை நிலையத்தை எப்படி நிற்பாட்டுவது என்று பார்ப்போம். வீட்டில் ஒரு மெயின் சுவிச்சை விழுத்தினால் கதை முடிந்தது. இங்கே நாலு பக்கத்திலிருந்து வருகிறது. நாலும் வேறு வேறு குணம். சோலர் வெளிச்சம் இருக்கும் வரை பிறப்பித்துக்கொண்டே இருக்கும், அதை நிறுத்த முடியாது, பிரிக்கத்தான் முடியும். காற்றாடி சுழலும் வரை வயரில் வோல்ற் இருக்கும். பிரேக் போட்டு, சுழலாமல் நிற்கிறதா என்று வெளியே வந்து கண்ணால் பாருங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் இதை இரண்டு தரம் பாருங்கள். பற்றரியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நாலாவது, டீசல், இதுதான் ஆளைக் கொல்லக் காத்திருப்பது. ஏனென்றால் மற்ற மூன்றையும் நீங்கள் பிரித்ததும் லைனில் வோல்ற் இல்லை என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியும். தானாக ஸ்ராட் எடுக்கும்படி வைத்திருந்தால், உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று எண்ணி அது மெசினை ஓட்டிவிடும். எனவே டீசலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஓட்டோவிலிருந்து ஓஃபுக்கு மாற்றுங்கள். ஸ்ராட்டர் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

பிரித்த ஒவ்வொரு இடத்திலும் பூட்டு. சாவி வேலை செய்கிறவரின் பொக்கற்றில், மேசை லாச்சியில் இல்லை. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பூட்டோடு ஒரு அட்டை, 'ஆள் வேலை செய்கிறார், போடாதே' என்று, தமிழிலும் சிங்களத்திலும். கொழும்பிலிருந்து வருகிற தொழிலாளிக்கும் அது விளங்க வேண்டும். பிறகு இன்வேற்றரின் மூடியைப் பாருங்கள், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். உள்ளேயுள்ள கப்பாசிற்றர்கள் அவ்வளவு நேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்திலிருந்து பதினைந்து. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

அதற்குப் பிறகு சோதனை. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வலது புருவத்தில் மயிர் வளராத ஒரு இடம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன்னர் ஒரு ஆலையின் பனலில் வோல்ற் பார்க்கப் போனேன். முதல்நாள் அதே மீற்றரில் வேறு யாரோ அம்பியர் பார்த்துவிட்டு, வயரை அம்பியர் துளையிலேயே விட்டிருந்தார். அம்பியர் துளை என்றால் உள்ளே தடையே இல்லாத பாதை. இரண்டு பேஸுக்கும் நுனிகளை வைத்தேன். வைத்தது மட்டும்தான் ஞாபகம். மீற்றர் கையில் வெடித்தது. நுனிகளை இழுக்கும்போது வில் பின்னால் வந்தது. கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தப்பியது. அது பாதுகாப்புக் கண்ணாடிகூட இல்லை, கிட்டப்பார்வைக்குப் போட்டது.

அன்றிலிருந்து என் பையில் அம்பியர் துளை இல்லாத, இரண்டு முனை வோல்ற் ரெஸ்ரர்தான். மீற்றர் வாங்குவதென்றால் அதன் உடம்பிலும் வயரிலும் 'கற் 3' அல்லது 'கற் 4' என்று 600 வோல்ற்றுக்கு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வரும் சேவை வயரிலும் மீற்றர் பெட்டிக்கு முன்னாலும் கற் 4. உள்ளே பிரித்துப் போகும் பனலில் கற் 3 போதும். ஸ்க்ரூ ட்ரைவருக்குள் சின்ன லைற் எரியும் அந்த ரெஸ்ரரை வைத்து உயிர் இல்லை என்று முடிவெடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்புத் தெரியாது, றப்பர் செருப்போடு நின்றால் இன்னும் மங்கும், நேர்மின்னில் நம்பவே முடியாது. முறை இதுதான்: கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் ரெஸ்ரரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார். வேலை செய்யப் போகிற இடத்தில் எல்லாப் பேஸையும் ஒன்றோடொன்று, நியூட்ரலோடு, ஏர்த்தோடு வைத்துப் பார். திரும்ப முதல் இடத்துக்குப் போய் ரெஸ்ரர் இடையில் சாகவில்லை என்று பார். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வெளியிலிருந்து வரும் ஐந்தாவது மூலம் ஒன்றும் உண்டு. யாராவது ஒரு கடைக்காரர் சின்ன ஜெனரேற்றர் வைத்திருப்பார். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரால் சுவர் பிளக்குக்குள் குத்திவிட்டு ஐஸ்பெட்டியை ஓட்டுவார். மெயினை விழுத்த மறந்தால் அது தெரு லைனுக்கு ஏறும். ட்ரான்ஸ்போமர் உள்ள ஊரென்றால் அதைப் பின்பக்கமாகக் கடந்து ஆயிரக்கணக்கான வோல்ற்றாகி, தூணில் நிற்கிற லைன்மனைத் தேடிப் போகும். சேஞ்ச்ஓவர் சுவிச் இல்லாமல் வீட்டு ஜெனரேற்றரைப் பூட்டிக் கொடுக்கும் வயர்மன் இந்தத் தொழிலுக்கு வேண்டாதவர். இதில் நான் இரக்கம் பார்க்க மாட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு திறமை இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள், ஜாம் போத்தலில் விளக்கு எரித்துப் படித்தார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்கிற அந்தப் புத்தி மதிக்கத்தக்கது. ஆனால் பியூஸ் போனால் நாலு செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுகிற கையும் அதே கைதான். பியூஸ் ஒரு நேரக் கருவி. நாலு கம்பி கட்டினால் நேரத்தை நீட்டுகிறீர்கள், வில்லின் வெப்பத்தைப் பெருக்குகிறீர்கள். விழுந்த பிரேக்கரைக் காரணம் பார்க்காமல் தூக்கிப் போடுவதும் அப்படித்தான். முதல் தரம் ஷோட்டை அது தாங்கியிருக்கும், உள்ளே முனைகள் கரிந்திருக்கும். இரண்டாம் மூன்றாம் தரம் உங்கள் முகத்துக்கு முன்னால் வெடிப்பது அதனால்தான். போட வேண்டி வந்தால் கதவை மூடியபடி, பெட்டிக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, முகத்தை மறுபக்கம் திருப்பிப் போடுங்கள்.

தீவில் பனலுக்கு முதல் எதிரி உப்பு. வாடைக்காலத்தில் ஈரம் ஏறி உப்பைக் கரைக்கும், பிறகு காய்ந்து படலமாகும், அதன்மேல் கரண்ட் கோடு போட்டு ஊரும். செம்பில் பச்சைக் களிம்பு, போல்ற்றில் வெள்ளைப் பொடி, பிளாஸ்ரிக்கில் மரவேர் போன்ற கரிக்கோடு கண்டால் உடனே எழுதி வையுங்கள். வயர் நுழைகிற துளைகளை அடையுங்கள். பல்லி, எலி, பாம்பு மூன்றும் வெதுவெதுப்பைத் தேடி வரும். கரண்ட் இருக்கும்போது பனலில் இரைச்சலோ கருகல் மணமோ வந்தால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் போலிருக்கும். திறக்காதீர்கள். மூடியைத் திறக்கிற அந்தக் கணத்தில்தான் தளர்ந்திருந்த ஏதோ ஒன்று விழுகிறது.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. வில்லுக்கென்று கலோரி அளவு எழுதிய உடுப்பும் முகக்கவசமும் இருக்கின்றன. நிலையத்தை நடத்துகிற நிறுவனம் அவற்றை வாங்கித் தர வேண்டும், கேளுங்கள். ஒப்பந்தக்காரரிடம் நாட்சம்பளத்துக்கு வேலை செய்தாலும் கேளுங்கள். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் வந்த காயத்துக்கு நட்டஈடு தரச் சொல்கிறது. கவசம் வாங்குவது அதைவிட மலிவு. ஆனால் கவசம் கடைசி வரிசை. அது காயத்தைக் கொப்புள அளவில் நிறுத்தப் பார்க்கும், வெடி அமுக்கத்தை நிறுத்தாது. கவசம் கிடைக்கும் வரையாவது பொலியெஸ்ரர் சேர்ட்டைக் கழற்றிவிட்டு நீளக்கைத் தடித்த பருத்திச் சேர்ட்டைப் போடுங்கள். பருத்தி எரியக்கூடும், ஆனால் உருகித் தோலோடு ஒட்டாது. சாரமும் செருப்பும் வேலைக்கு ஆகாது. சங்கிலி, மோதிரம், மணிக்கூடு, கழுத்திலுள்ள செபமாலை, வெள்ளியில் கோத்த உருத்திராட்சம் எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

இத்தனையும் தெரிந்தவர்கள்தான் உயிரோடிருக்கும் பனலைத் திறக்கிறார்கள். காரணம் அறியாமை இல்லை, அவசரம். ஊர்காவற்றுறையிலிருந்து படகில் வந்த ரெக்னீசியனுக்குத் திரும்புகிற படகு இருக்கிறது. காப்புப் பிடி ஸ்பனர் கரையில் நிற்கும் வானில் விடுபட்டிருக்கிறது, எடுக்கப் போனால் நாளைக்குத்தான். மீன் ஐஸ் பெட்டியில் இருக்கிறது, கோயிலில் திருவிழா, பிள்ளைகளுக்குச் சோதினை. "ஐந்து நிமிட வேலைக்கு ஏன் முழு ஊரையும் நிற்பாட்ட வேணும்?" என்று ஒருவர் கேட்பார். எழுவைதீவில் அதற்குப் பதில் இலகு. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஒரு நாள் முன்னர் கோயில் ஒலிபெருக்கியிலும் தேவாலயத்திலும் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொழும்பில் ஒரு தெருவுக்கு அறிவிப்பதைவிட இங்கே சுகம். ஐஸ் பெட்டியைத் திறக்காமல் விட்டால் சில மணித்தியாலம் தாங்கும். சோலர் பக்கம் வேலையென்றால் விடியற்காலையைத் தெரிவுசெய்யுங்கள், வெயில் ஏற முதல் முடியும். ஆயுதப் பட்டியலை இறங்குதுறையில், படகு அவிழ்க்க முதல், வாய்விட்டு வாசியுங்கள். ஒன்று குறைந்தால் வேலையை அடுத்த படகுக்குத் தள்ளுங்கள்.

ஏனென்றால் தப்பு நடந்தால் அந்தப் படகுதான் அம்புலன்ஸ். 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது, நல்ல சேவை, ஆனால் கடல் தாண்டாது. அழைத்து, ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வந்து நிற்கச் சொல்லுங்கள். அதற்கிடையில் செய்ய வேண்டியது: முதலில் கரண்டை நிற்பாட்டு, பிறகுதான் ஆளைத் தொடு. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்கு. எரிந்த இடத்தில் இருபது நிமிடம் நல்ல தண்ணீர் ஊற்று. தீவில் நன்னீர் எல்லா இடத்திலும் கிடையாது, ஆகவே மின்நிலைய வாசலில் இரண்டு பெரிய கானில் கிணற்றுத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், கிழமைக்கு ஒரு தரம் மாற்றுங்கள். பற்பசை, நெய், முட்டை வெள்ளைக்கரு ஒன்றும் பூசாதீர்கள், யாழ் போதனா வைத்தியசாலையில் அதைக் கழுவித்தான் பிறகு மருந்து போடுவார்கள். ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். வீங்க முதல் மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகத்திலும் மூக்கு மயிரிலும் கருகல் தெரிந்தால், குரல் கம்மினால், ஆள் சிரித்துக் கதைத்தாலும் நம்பாதீர்கள். சூடான ஆவியை இழுத்த தொண்டை சில மணித்தியாலத்தில் வீங்கி மூச்சை அடைக்கும். அப்படியானவரை முதல் படகில் ஏற்றுங்கள்.

கடைசியாக, வயர்மனாக இல்லாத வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அறிவித்து கரண்ட் நிற்கிற நாளில் ஒப்பரேற்றருக்குப் போன் எடுத்து "எப்ப வரும்?" என்று கேட்காதீர்கள். அந்த நேரம் அவர் போனை எடுக்கக் கூடாத இடத்தில் நிற்கிறார்.